சோர்வு குற்றமன்று

உழைப்பையே உயிர்மூச்சாகக் கொண்டது நம் முத்துக்குளித்துறை. விடியுமுன்னே வலை இழுக்கும் கைகளும், கொளுத்தும் வெயிலில் உப்பளத்தில் உப்பு வாரும் கைகளும், துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கைகளும், மீன்கூடை சுமந்து தெருத்தெருவாக நடக்கும் கால்களுமே நம் குடும்பங்களைத் தாங்கி வந்துள்ளன. இத்தகைய மக்களிடையே 'எனக்குக் களைப்பாக இருக்கிறது' என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்வது அவ்வளவு எளிதன்று. காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். காயம் என்றால் கட்டுப் போடுகிறோம். களைப்பு என்றாலோ, 'சற்று உறங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்று கூறிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். சொன்னவரும் சொன்னதற்காக வெட்கப்பட்டு மௌனமாகி விடுகிறார்.

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் வீடுகளில் இந்த மௌனம் பெருங்கேட்டை விளைவிக்கிறது. மருந்தினால் முடி உதிர்வதை அனைவரும் காண்கின்றனர். வாந்தி எடுப்பதைக் காண்கின்றனர். ஆனால் உடலின் ஒவ்வொரு அணுவும் ஓய்ந்து போனது போன்ற சோர்வை எவரும் காண்பதில்லை. இச்சிகிச்சையின்போது நோயாளர் படும் துன்பங்களுள் மிகப் பரவலானது இச்சோர்வே என்று மருத்துவ உலகம் இன்று ஒருமித்துக் கூறுகின்றது. அப்படியிருந்தும், நோயாளர் மருத்துவரிடம் மிகக் குறைவாக எடுத்துரைப்பதும் இதைப் பற்றியேயாம். ஏன் இந்த நிலை? இதனை எவ்வாறு எதிர்கொள்வது? குடும்பத்தாராகிய நாம் செய்ய வேண்டுவது யாது? இவற்றைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

இது வேறு களைப்பு

நாள் முழுதும் உழைத்தவனுக்கு வரும் களைப்பு இனியது. உண்டு உறங்கி எழுந்தால் அது நீங்கிவிடும். புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வரும் சோர்வோ அப்படிப்பட்டதன்று. எட்டு மணிநேரம் உறங்கி எழுந்தவரும் உறங்காதவரைப் போலவே இருப்பார். செய்த வேலைக்கும் வந்த சோர்வுக்கும் பொருத்தமே இராது. குளித்துவிட்டுச் சேலை மாற்றுவதற்குள் உட்கார வேண்டியிருக்கும். மாடிப்படி நான்கு ஏறுவதற்குள் கால்கள் இரும்பாய்க் கனக்கும். உடல் மட்டுமன்றி உள்ளமும் சோரும். கையில் எடுத்த செய்தித்தாளில் மனம் நிற்காது. பேச்சின் நடுவே சொல் மறந்துபோகும். பேரப்பிள்ளையின் மழலை கூடச் சுமையாகத் தோன்றும்.

சிகிச்சையின் தன்மைக்கு ஏற்பச் சோர்வின் போக்கும் மாறுபடும். 'கீமோ' என்று நாம் வழங்கும் மருந்துச் சிகிச்சையில், மருந்து ஏற்றிய பின் வரும் சில நாட்களில் சோர்வு மிகுந்திருக்கும். பிறகு சிறிது சிறிதாகக் குறைந்து, அடுத்த முறை மருந்து ஏற்றும் நாள் நெருங்குகையில் ஓரளவு தெம்பு திரும்பும். நம் மக்கள் 'கரண்ட் வைப்பது' என்று குறிப்பிடும் கதிரியக்கச் சிகிச்சையிலோ போக்கு வேறு. அது பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள் என்ற கணக்கில் பல வாரங்கள் தொடரும். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு சோர்வு சிறுகச் சிறுகச் சேர்ந்து, சிகிச்சையின் இறுதி வாரங்களில் மிகும். சிகிச்சை முடிந்த பின்னும் சில வாரங்கள் நீடிக்கும்.

இதனை அறியாத நோயாளர், 'சிகிச்சை தொடங்கியபோது நன்றாக இருந்தேனே, இப்போது படுத்துவிட்டேனே, நோய் முற்றிவிட்டதோ!' என்று கலங்குகின்றனர். சோர்வு மிகுந்தது என்பதனாலேயே நோய் மிகுந்தது என்று பொருளாகாது. பல வேளைகளில் அது சிகிச்சையின் விளைவேயாகும்.

காரணங்கள் பல

இச்சோர்வுக்குக் காரணம் ஒன்றன்று. பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. புற்றுநோய் தானே உடலில் ஒருவித அழற்சியை உண்டாக்கி ஆற்றலை உறிஞ்சுகிறது. சிகிச்சையினால் பழுதுபட்ட நல்ல திசுக்களைச் சீராக்க உடல் ஓயாது உழைக்கிறது. இவற்றை முற்றிலும் தவிர்க்க இயலாது.

ஆனால் திருத்தக்கூடிய காரணங்களும் பல உள்ளன என்பதே நாம் நெஞ்சில் நிறுத்த வேண்டிய செய்தி. அவற்றுள் முதலாவது இரத்தசோகை. நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் மகளிருக்கு 12 கிராமுக்கும் ஆடவருக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகை. நம் நாட்டுப் பெண்களில் பலர் நோய் வருமுன்னரே இக்குறையுடன் வாழ்கின்றனர்; சிகிச்சை அதனை மேலும் கூட்டுகிறது. அடுத்து, வலி. வலியோடு போராடும் உடலுக்கு வேறெதற்கும் வலுவிராது. உறக்கமின்மை, போதிய உணவின்மை, வயிற்றுப்போக்கினால் நீர் வற்றிப்போதல், நோய்க்கிருமித் தொற்று, உட்கொள்ளும் வேறு மருந்துகளின் மயக்கம், மனச்சோர்வு ஆகியன பிற காரணங்கள். கழுத்துப் பகுதியில் கதிரியக்கம் பெற்றவருக்குச் சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தைராய்டு சுரப்பி குன்றி, அதனாலும் தளர்ச்சி உண்டாகலாம். புகையிலைப் பழக்கத்தினால் வாய்ப்புற்று மிகுந்துள்ள நம் நாட்டில் இதனைச் சிறப்பாக நினைவில் கொள்ளல் வேண்டும்.

இவை ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் உண்டு. ஆனால் பரிகாரம் செய்ய வேண்டுமாயின், முதலில் மருத்துவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

மறைப்பதனால் வரும் கேடு

சென்னை அடையாற்றிலுள்ள புற்றுநோய் மருத்துவமனை 1954ஆம் ஆண்டு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் இடையறா முயற்சியால் பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கிற்று. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே அம்மையாரை அப்பணிக்குத் தூண்டிற்று. அவருடைய மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் அங்கு வந்து சேர்ந்து 2021இல் தம் மறைவு வரை அப்பணியிலேயே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதனைப் பெரும் நிலையமாக வளர்த்தனர். அந்நாளில் 'இந்நோய் வந்தவர் பிழைப்பாரா?' என்பது ஒன்றே மக்களின் கேள்வி. பிழைப்பதே அரிதாயிருந்த காலத்தில் களைப்பைப் பற்றி யார் கேட்டார்கள்! இன்று தொடக்கத்திலேயே கண்டறியப்படும் புற்றுநோய்களுள் பல குணமாகின்றன. ஆகவே இன்றைய கேள்வி மற்றொன்று: சிகிச்சையை இடையில் விட்டுவிடாமல் முழுவதும் பெற்று முடிப்பது எவ்வாறு?

களைப்பைப் பற்றிய பேச்சு இங்குதான் உயிர்ப்பிரச்சினையாகிறது. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை தரும்போது, வெளிக்கதிரும் உட்கதிரும் ஆகிய முழுச் சிகிச்சையும் ஏறத்தாழ எட்டு வாரங்களுக்குள் முடிவுற வேண்டும் என்பது மருத்துவர் விதி. நாட்கள் நீள நீள நோய் முற்றிலும் குணமாகும் வாய்ப்புக் குறைகிறது. 'உடம்பு தாங்கவில்லை, ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டுப் பிறகு போகலாம்' என்று ஒரு தாய் நின்றுவிட்டால், அந்த ஒரு வாரம் வெறும் ஓய்வாக முடிவதில்லை. நோய்க்குத் தரும் அவகாசமாக அது மாறுகிறது. அந்தத் தாயின் சோர்வுக்குக் காரணம் வெறும் இரத்தசோகையாகவே இருந்திருக்கலாம். தக்க காலத்தில் சொல்லியிருந்தால் இரத்தம் ஏற்றி, சிகிச்சையைத் தொடர்ந்திருக்கலாம்.

எனவே மருத்துவரைக் காணச் செல்லும்போது, 'டாக்டர் அவசரத்தில் இருக்கிறார், இதைப் போய்ச் சொல்வானேன்' என்று தயங்கலாகாது. சொல்வதற்கும் எளிய வழி ஒன்றுண்டு. களைப்பே இல்லை என்பது சுழி. இதற்கு மேல் தாங்காது என்பது பத்து. இந்த அளவுகோலில் இன்று என் களைப்பு எத்தனை என்று நாள்தோறும் ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். மூன்று வரை இலேசானது. நான்கு முதல் ஆறு வரை நடுத்தரம். ஏழும் அதற்கு மேலும் கடுமையானது. நான்கைத் தாண்டினால் அவசியம் மருத்துவரிடம் கூறவேண்டும். எந்நேரம் மிகுகிறது, என்ன செய்தால் குறைகிறது, உறக்கம் எப்படி, உணவு எவ்வளவு என்பனவற்றையும் இரண்டு வரி எழுதினால் போதும். எழுத இயலாதவருக்குப் பள்ளி செல்லும் பிள்ளை எழுதித் தரட்டும். 'ஒரே அசதியாயிருக்குது டாக்டர்' என்பதைவிட, 'சென்ற வாரம் நாலு, இந்த வாரம் எட்டு' என்பது மருத்துவருக்குத் தெளிவாக விளங்கும்.

சில அறிகுறிகள் தோன்றினால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருத்தல் ஆகாது. கீமோ பெறுபவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினாலும், அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும், மயக்கம் வந்தாலும், இரத்தம் கசிந்தாலும், பேச்சுக் குழறினாலும், படுக்கையை விட்டு எழ முடியாமற் போனாலும் அன்றே, அப்போதே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். 'இரவு கழியட்டும்' என்று இருத்தல் ஆபத்து.

முத்துக் குளித்தோரின் கணக்கு

நம் முன்னோர் முத்துக் குளித்த முறையை இங்கு நினைவு கூர்தல் பொருத்தமாகும். 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக் குளிப்பைக் கண்ட முதியோர் சிலர் இன்றும் நம் கரையில் இருக்கக்கூடும். மூச்சுக் கருவி ஏதுமின்றி, கல்லின் பாரத்தால் கடலடிக்கு இறங்கி, ஒரு நிமிட அளவே அடக்கிய மூச்சில் சிப்பிகளைச் சேர்த்து மேலே வருவர். இருவருக்கு ஒரு கல் என்பது வழக்கம். ஒருவர் இறங்கும்போது மற்றவர் ஓய்ந்திருப்பார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி கவனம் சிதறாமல் நிற்பார். கீழிருந்து கயிறு அசைந்த மாத்திரத்தில் இழுத்து மேலேற்றுவார்.

அவர்களுள் எவரும் மூச்சு முழுவதும் தீர்ந்த பின்னர் மேலே வரலாம் என்று நினைத்ததில்லை. இன்னும் இரண்டு சிப்பி எடுக்கலாமே என்ற ஆசையில் கணக்குத் தவறியவர் கரை திரும்புவது அரிது. இருக்கும் மூச்சை அளந்து செலவிடுவதும், தீருமுன்னே கயிற்றை அசைப்பதும், முறை வைத்து ஓய்வதும் அவர்தம் தொழில் நெறி. ஓய்ந்திருந்த நேரத்தை யாரும் சோம்பல் என்று பழித்ததுமில்லை. ஓய்வு அவ்வுழைப்பின் ஒரு பகுதியாகவே எண்ணப்பட்டது.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் கைக்கொள்ள வேண்டியதும் இந்நெறியே. நாளொன்றுக்கு உள்ள ஆற்றல் குறைவு. அதனை எதில் செலவிடுவது என்று முதல்நாள் மாலையே எண்ணிப் பார்க்க வேண்டும். நாளைக்கு ஐந்து வேலைகள் இருப்பின், அவற்றுள் நாமே செய்தாக வேண்டியது எது, பிறர் செய்யக்கூடியது எது, செய்யாமலே விடத்தக்கது எது என்று பிரித்தல் நலம். பிள்ளைக்குத் தலைவாரி அனுப்புவது தாயின் மனத்துக்கு மகிழ்ச்சி தருமாயின், அதனை அவர் வைத்துக்கொள்ளட்டும். தண்ணீர்க் குடம் தூக்குவதையும் துணி துவைப்பதையும் பிறர் ஏற்கட்டும். காலையில் தெம்பு மிகுதி எனில் முக்கிய வேலையைக் காலையில் முடித்து, உச்சி வெயிலில் ஓய்வெடுக்கலாம்.

சிறு மாறுதல்களும் பெரும் உதவி செய்யும். நின்றுகொண்டு காய்கறி நறுக்குவதை விட்டு உட்கார்ந்து நறுக்கலாம். குளியலறையில் ஒரு முக்காலி இட்டு அமர்ந்து குளிக்கலாம். அடிக்கடி வேண்டும் பாத்திரங்களைக் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கலாம். வீடு முழுவதையும் ஒரே நாளில் துடைப்பதற்குப் பதிலாக நாளுக்கு ஓர் அறை என்று வகுக்கலாம். களைத்து விழுந்த பிறகு ஓய்வெடுப்பதினும், களைப்பு வருமுன்னே சற்று அமர்ந்து எழுவது சிறந்தது.

'இன்று நன்றாயிருக்கிறது' என்று தோன்றும் நாளில் எச்சரிக்கை மிகுதியும் தேவை. தேங்கிய வேலை அனைத்தையும் அன்றே முடிக்கப் புகுந்தால், மறுநாளும் அதற்கடுத்த நாளும் படுக்கையில் கழியும்.

படுக்கை மட்டும் மருந்தாகாது

இதற்கு நேர்மாறான தவறும் நம் குடும்பங்களில் உண்டு. அன்பின் மிகுதியால், 'நீங்க அசையக்கூடாது, படுத்தே இருங்கம்மா' என்று நோயாளரைக் கட்டிலோடு கட்டிப்போட்டு விடுகிறோம். முற்காலத்தில் மருத்துவரும் அவ்வாறே அறிவுரை கூறியதுண்டு. ஆனால் படுத்தே கிடக்கும் உடலில் தசைகள் விரைவில் மெலிகின்றன; மெலிந்த தசைக்குச் சிறு வேலையும் பெருஞ்சுமையாகிறது; அதனால் சோர்வு மிகுகிறது; சோர்வு மிக மிக மீண்டும் படுக்கை. இந்த வட்டத்தை உடைப்பதே அறிவுடைமை.

உடலியக்கமே இச்சோர்வைக் குறைக்கும் தலையாய வழி என்பதை ஆராய்ச்சிகள் நிறுவியுள்ளன. 2017இல் வெளியான ஒரு பேராய்வு, 113 ஆய்வுகளில் பங்குபெற்ற பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரின் விவரங்களைத் தொகுத்து நோக்கிற்று. உடற்பயிற்சியும், மனத்துக்குத் தரும் பயிற்சியும் ஆறுதலும், சோர்வுக்கெனத் தரப்படும் மருந்துகளைக் காட்டிலும் மிகுந்த பயனளித்தன என்பது அதன் முடிவு. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் முப்பது நிமிடம் நடுத்தர வேகத்தில் நடப்பது போன்ற பயிற்சியைச் சில வாரங்கள் தொடர்ந்தால் நற்பயன் விளையும் என்று 2019இல் பன்னாட்டு வல்லுநர் குழுவினரும் பரிந்துரைத்தனர்.

முப்பது நிமிடம் என்றதும் மலைக்க வேண்டாம். முதல் வாரம் வீட்டு முற்றத்தில் ஐந்து நிமிடம் போதும். அடுத்த வாரம் தெருமுனைவரை. பிறகு அதிகாலையிலோ, வெயில் தாழ்ந்து கடற்காற்று வீசும் மாலையிலோ, துணைக்கு ஒருவருடன் சற்றுத் தொலைவு. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச முடியாதபடி மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி என்று அறிக. நம்மூர்ப் பகல் வெயிலில் நடப்பது கூடவே கூடாது.

எனினும் இது அனைவருக்கும் ஒரே அளவில் பொருந்துவதன்று. நோய் எலும்புக்குப் பரவியவர், கடும் இரத்தசோகை உள்ளவர், இரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர், இதய நோயுள்ளவர், காய்ச்சலில் இருப்பவர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது. கீமோ ஏற்றிய அடுத்த ஓரிரு நாட்களில் படுக்கையில் இருந்தபடியே கைகால்களை நீட்டி மடக்கினாலும் போதுமானது.

உணவும் உறக்கமும்

எண்ணெய் இன்றி விளக்கு எரியுமோ? உணவின்றி உடலுக்கு ஆற்றல் ஏது? ஆனால் சிகிச்சையின்போது பசி மந்திக்கும், வாய் புண்ணாகும், நாவில் சுவை மாறும். நாள்தோறும் மீன் மணக்கும் நம் வீடுகளில், அந்த மணமே நோயாளருக்குக் குமட்டலை உண்டாக்கலாம். 'ஆசையாய்ச் சமைத்ததைத் தொடவில்லையே' என்று வருந்துவதில் பயனில்லை. சமைக்கும் வேளையில் அவரைக் காற்றோட்டமான இடத்தில் அமரச் செய்து, உணவைச் சற்று ஆறவைத்துக் கொடுத்தால் மணம் அடங்கும். மூன்று வேளை வயிறு நிறைய என்பதை விட்டு, ஐந்தாறு வேளை சிறிது சிறிதாகக் கொடுக்கலாம்.

பழுதுபட்ட திசுக்கள் வளரப் புரதச் சத்து வேண்டும். அதற்கு விலையுயர்ந்த டப்பா மாவுகளைத் தேடிக் கடன்பட வேண்டியதில்லை. நன்கு வெந்த முட்டை, பருப்பு, பாசிப்பயறு, பால், தயிர், விலை மலிவான சாளை மீன் ஆகியனவே போதிய புரதம் தருவன. கேழ்வரகுக் கூழும் இட்லியும் விழுங்க எளிது. நீர் போதுமான அளவு அருந்த வேண்டும். சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ உடையவர் அளவை மருத்துவரிடம் கேட்டறிக. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியிருக்கும் காலமாதலின், பாதி வெந்ததையும், ஈ மொய்க்கும் தெருப்பண்டங்களையும் விலக்குதல் வேண்டும். சத்து மாத்திரையோ இலைச்சாறோ நாட்டு மருந்தோ, எதுவாயினும் மருத்துவரிடம் கூறாமல் உட்கொள்ளலாகாது; சில, சிகிச்சை மருந்தின் வேலையையே கெடுக்கக்கூடும்.

உறக்கத்திலும் ஓர் ஒழுங்கு வேண்டும். பகலில் ஓய்வு நல்லதே. ஆயினும் அரைமணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் எழுந்துவிட வேண்டும். பகலெல்லாம் உறங்கினால் இரவெல்லாம் விழித்திருந்து வீண் கவலையில் உழல நேரும். மாலைக்குப் பின் காபியும் தேநீரும் வேண்டாம். தொலைக்காட்சியும் கைப்பேசியும் படுக்கையை நெருங்காதிருப்பது நன்று. இரவில் வலியோ கவலையோ உறக்கத்தைக் கெடுத்தால் அதனையும் மருத்துவரிடம் கூறவேண்டும். எதிலும் நாட்டமின்மை, காரணமற்ற அழுகை, 'நான் இருந்து யாருக்கு என்ன பயன்' என்ற எண்ணம் ஆகியவை தொடர்ந்தால், அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. அதனைப் பெறுவதில் வெட்கமில்லை.

கயிறு பிடிப்போர் நாமே

குளிப்பவர் எத்துணை வல்லவராயினும், தோணியில் கயிறு பிடிப்பவர் உறங்கிவிட்டால் அவர் கதி என்ன? நோயாளரின் குடும்பத்தாராகிய நாமே அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவர்கள்.

நம் முதற்கடமை நம்புவது. 'களைப்பு' என்று அவர் கூறினால், 'பார்க்க நன்றாய்த்தானே இருக்கிறீர்கள்' என்று மறுத்துரைக்க வேண்டாம். 'மாமிக்கு இப்போதெல்லாம் எழவே மனமில்லை' என்ற மருமகளின் முணுமுணுப்பும், 'சோறு கூட ஆக்கவில்லையா?' என்ற கணவனின் கேள்வியும் நோயினும் கொடிய காயத்தை உண்டாக்கும். குடும்பத் தலைவி நோயுற்றால் வீட்டு ஆடவர் அடுப்படிக்குச் செல்வதில் இழிவொன்றுமில்லை. கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்யும் நம் ஆடவர் படகில் தாமே சமைத்து உண்பவர்கள் அல்லரோ? கடலில் செய்வதை வீட்டில் செய்ய என்ன தடை?

குடும்பத் தலைவர் நோயுற்றாலோ துன்பம் வேறு விதம். நேற்றுவரை சம்பாதித்தவர் இன்று திண்ணையில் அமர்ந்திருக்க நாணுகிறார். அந்நாணத்தால் சோர்வை மறைத்துத் தொழிலுக்குப் புறப்படுகிறார். குடும்பக் கணக்கை அவரோடு கலந்து பேசுங்கள். முடிவுகளில் அவர் சொல்லைக் கேளுங்கள். உடல் உழைக்க இயலாவிடினும் தம் சொல்லுக்கு வீட்டில் மதிப்புண்டு என்று அவர் உணரட்டும். பிள்ளைகளிடம், 'அப்பாவுக்கு மருந்தினால் அசதி. உங்கள் மீது கோபமில்லை' என்று தெளிவாகக் கூறிவிடுதலும் நல்லது.

பார்க்க வருவோரும் சிந்திக்க வேண்டும். கூட்டமாக வந்து, ஒரு மணிநேரம் அமர்ந்து, இதே நோயில் இறந்தவர்களின் வரலாற்றை எடுத்துரைப்பது ஆறுதலாகாது. பத்து நிமிடம் இருந்து, ஒரு பாத்திரத்தில் குழம்பு கொடுத்து, 'நாளைக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் நான் விடுகிறேன் அக்கா' என்று கூறிச் செல்வதே உண்மையான ஆறுதல். இந்நோய் தொற்றுநோயன்று, தனித் தட்டும் தனிக் குவளையும் தேவையில்லை. வெளிக்கதிர்ச் சிகிச்சை பெற்று வருபவரின் உடலிலிருந்து கதிர் எதுவும் பிறர் மீது பாய்வதுமில்லை. பேரக்குழந்தை பாட்டியின் மடியில் அமரலாம்.

சிகிச்சைக்காக நம் மக்கள் திருநெல்வேலிக்கும், மதுரைக்கும், நெய்யூருக்கும், திருவனந்தபுரத்துக்கும், சென்னைக்கும் செல்கின்றனர். பயணமே பாதி உயிரைக் குடித்துவிடுகிறது. அடுத்த நாள் மருந்து ஏற்ற வேண்டியவர் முத்துநகர் விரைவு வண்டியில் இரவெல்லாம் அமர்ந்தே செல்வது தகுமோ? சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளருக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் உரிய சான்றிதழைக் கேட்டுப் பெற்று, படுக்கை வசதியுடன் முன்பதிவு செய்க. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். இப்படிவங்களுக்காக அலையும் வேலையைப் பங்கின் இளைஞர்கள் ஏற்றுக்கொண்டால், அது நோயாளரின் ஒரு நாள் ஆற்றலை மிச்சப்படுத்தும். தூரத்து ஊரில் பல வாரம் தங்க நேருவோரின் வீட்டையும் பிள்ளைகளையும் அன்பியத்தார் முறைவைத்துக் கவனித்துக் கொள்ளலாம்.

கயிறு பிடிப்பவருக்கும் கை ஓயும் என்பதை மறக்கலாகாது. இரவும் பகலும் ஒரே மகளோ ஒரே மனைவியோ பணிவிடை செய்து தாமும் நோயில் விழுவதைக் காண்கிறோம். வாரத்தில் ஓர் அரைநாளேனும் அவருக்கு மாற்றாக ஒருவர் அமர வேண்டும்.

ஆண்டவர் முன்னிலையில்

பக்தியுள்ள நம் பெரியோருக்கு மற்றொரு கவலை உண்டு. 'ஞாயிறு பூசைக்குப் போக முடியவில்லையே, முழந்தாளிட முடியவில்லையே, ஜெபமாலை ஐம்பத்து மூன்று மணியும் முடிக்குமுன் கண் அயர்ந்து விடுகிறதே, தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கவில்லையே' என்று மனம் குமைகின்றனர். தாயாகிய திருச்சபை இதில் மிகுந்த பரிவுடையது. நோயாளர் ஞாயிறு கடனிலிருந்தும் ஒருசந்திக் கடனிலிருந்தும் விலக்குப் பெற்றவர்கள். நற்கருணைக்கு முன் ஒரு மணிநேரம் உண்ணாதிருக்கும் விதியும் நோயாளரையும் அவர்களைப் பேணுவோரையும் கட்டாது. உடல் தேற உண்ண வேண்டிய காலத்தில் உண்பதே அவர்களுக்குரிய கீழ்ப்படிதல். பங்குக் குருவிடம் தெரிவித்தால் நற்கருணை வீடு தேடி வரும்.

நோயில் பூசுதலைக் குறித்த அச்சத்தையும் களைய வேண்டும். 'அவஸ்தைப் பூசுதல்' என்று வழங்கிய பழைய பெயரால், அது இறுதி மூச்சுக்குரியது என்றே பலர் எண்ணுகின்றனர். 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இதன் சடங்கு முறையைப் புதுப்பித்தார். கடும் நோயுற்றவர் நல்ல நினைவோடும் நம்பிக்கையோடும் இருக்கும்போதே, சிகிச்சையின் தொடக்கத்திலேயே கூடப் பெறத்தக்க அருளடையாளம் அது.

ஜெபமாலையின் நடுவே கண் அயர்ந்தால் அயரட்டும். தாயின் மடியில் உறங்கும் பிள்ளையைத் தாய் கடிந்துகொள்வாளோ? புயலின் நடுவே படகில் அயர்ந்து உறங்கிய நம் ஆண்டவரும், யாக்கோபின் கிணற்றருகே வழிநடைக் களைப்பால் அமர்ந்த நம் ஆண்டவரும் களைப்பு இன்னதென்று அறிந்தவரே.

சிகிச்சை முடிந்த மறுநாளே பழைய வலிமை திரும்பிவிடும் என்று நோயாளரும் நாமும் எதிர்பார்க்கலாகாது. பலருக்குச் சில வாரங்களிலும் மாதங்களிலும் தெம்பு மெல்லத் திரும்பும். சிலருக்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். குறையாது நீடித்தால் மீண்டும் மருத்துவரைக் காண வேண்டும். இடையில் நமக்கு வேண்டுவது பொறுமை. அன்புள்ள வாசகர்களே, நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இந்நோயோடு போராடும் ஒருவர் இருப்பின், இன்று மாலையே அவரிடம் சென்று, 'இன்று களைப்பு எத்தனை?' என்று கேட்போம். அவர் கூறும் எண் எதுவாயினும் அதனை நம்புவோம். பின்னர் அவர் கையிலுள்ள வேலைகளில் ஒன்றை நம் கைக்கு மாற்றிக்கொள்வோம்.